பூவாடைக்குப் பட்டுப்புடவை

எங்கள் வீட்டுத் தெய்வம், நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சம்ப்பிலிருந்து வருகிறவள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எல்லாக் கட்டடங்களுக்கும் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி உண்டு. அதற்கு மேல் இரும்பு மூடி, மூடிக்கு மேல் யாராவது நிறுத்தி வைத்த ஸ்கூட்டர். எங்கள் சம்ப் இருக்கும் இடத்தில் முன்பு கிணறு இருந்தது. கிணற்றைச் சுற்றி வாடகைக் குடித்தனங்கள். அதில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். வீட்டுக்காரர் மனையை பில்டரிடம் கொடுத்தபோது, வீட்டுக்கடன் போட்டு அதே மனையில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். பில்டர் கிணற்றைத் தூர்த்து அதே பள்ளத்தில் சம்ப் கட்டினார். தெய்வத்துக்கு முகவரி மாறவில்லை. ஊற்று நீருக்குப் பதில் லாரித் தண்ணீர், அவ்வளவுதான்.

தெய்வம் என்று நான் சொல்வது என் அக்காவை. பதினாறு வயதில் டைபாய்டு காய்ச்சலில் போனாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், வாழாமல் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். நெருங்கிய இரத்த உறவில் மூத்தவர் நீர்நிலையைக் குனிந்து பார்த்து, அவள் முகத்தை மனத்தில் நிறுத்திக் கூப்பிட வேண்டும். பிறகு ஒரு சுமங்கலி குடத்தில் நீர் முகந்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றி வீட்டுக்குள் கொண்டுவருவாள். குடத்துக்கு முன் புதுத்துணி வைத்துப் படைப்போம். குடம் கனத்தால் அவள் வந்துவிட்டாள் என்று பொருள். படைத்த துணியை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்ளலாம்.

என் கணவர் போன பிறகு அந்தக் குடத்தை நான் தொடக்கூடாது. ஆனால் நடைமுறை முழுதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஒதுங்கி நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு வருத்தமில்லை. செயலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவள் நான்; கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாமல் எல்லாவற்றையும் நடத்திவைப்பது எனக்குப் பழகிய வேலை.

அக்காவுக்குப் புகைப்படம் கிடையாது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போவதென்றால் கல்யாணம் நிச்சயமாக வேண்டும். அவள் போனபோது எனக்கு ஐந்து வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. இன்று அவள் முகம் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ராயப்பேட்டையில் இருக்கிறார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

என் மகள் வேளச்சேரியில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் ஓவியராக இருக்கிறாள். ஏரிகளைத் தூர்த்து எழுப்பிய ஓர் ஊரை ஏரிகளே திரும்ப வந்து கேட்கின்றன என்பது அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்த விளையாட்டின் கதை. மழைக்காலத்தில் வேளச்சேரிக்குப் போனவர்களுக்கு அதைக் கற்பனை என்று ஒப்புக்கொள்வது கடினம். அதில் தூர்ந்துபோன கிணறுகளிலிருந்து எழுந்து வருகிற ஒருத்தி உண்டு. காவல்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆடுகிறவர் அவளாக இருந்து ஆட வேண்டும்.

ஒருநாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்.

"அம்மா, தண்ணியிலேர்ந்து வர்ற பொண்ணு, காவல் தெய்வம், இந்த மாதிரி நம்ம இலக்கியத்துல என்னென்ன இருக்குன்னு எழுதித் தரியா? இந்தக் கேரக்டருக்கு எங்கேர்ந்து இன்ஸ்பிரேஷன்னு எங்க டீம் லீட் ஒரு டாக்குமெண்ட் கேக்கறாரு."

"எத்தனை பக்கம்?"

"ரெண்டு போதும். உன்னால ரெண்டுல நிறுத்த முடியாதுன்னு தெரியும்."

பதினொன்றில் நிறுத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் குறிப்பு எழுதச் சொன்னதில்லை. மாலைக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்ததற்குப் பயனாக இதுவரை அலுவலகப் பிரிவுபசார விழாக்களில் வரவேற்புரை மட்டுமே ஆற்றியிருந்தேன். எனவே பொருள், பார்வை என்று முறைப்படி ஆரம்பித்தேன். பாலை நிலத்து வேட்டுவர் இரத்தப் பலி கொடுத்த பெண் தெய்வம். போர்க்களத்தில் நிணம் தின்று கூத்தாடும் பேய்மகளிர். ஏரிக்கரைகளில் ஏழு செங்கற்களாக நிற்கும் கன்னிமார். ஊர் ஆடுமாடுகளை மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல். ஆண் செத்தால் கல் நட்டார்கள், பெண் செத்தால் துணி வைத்தார்கள், இரண்டும் ஒரே மரபின் இரு கிளைகளே என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியில் எனக்குப் பெருமை. அதை எழுதும்போது என் அக்காவை நினைத்தேனா என்றால், உதாரணமாக நினைத்தேன். உதாரணங்களுக்கு முகம் தேவையில்லை.

முடிக்கும் இடத்தில், வழக்கம்போல் ஒரு வரி சேர்த்தேன். எந்தக் குறிப்பையும் நான் அப்படித்தான் முடிப்பேன். முப்பது பக்கம் ஆணித்தரமாக எழுதினாலும், கடைசியில் 'தேவைக்கேற்ப முடிவு செய்யலாம்' என்று ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். பின்னால் ஏதாவது தவறாகப் போனால் அந்தக் கதவு வழியாகத்தான் எழுதியவர் வெளியேறுவார். இந்தக் குறிப்பில் என் கதவு இப்படி அமைந்தது: 'இத்தகைய தெய்வங்களுக்கு வயது இல்லை; வழிபடுவோர் தேவைக்கேற்ப வடிவம் மாறுவதும் மரபே.'

மகள் படித்துவிட்டு, "செமையா இருக்கும்மா" என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

அந்த மாதங்களில் அவள் அடிக்கடி ராயப்பேட்டைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போகிறாள் என்று நினைத்தேன். அண்ணனுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் கம்பெனி லேப்டாப்பைத் திறந்து அண்ணன் மடியில் வைத்தாள்.

திரையில் ஒரு பெண் கிணற்று விளிம்பைப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தாள். பாவாடை, தாவணி. தாவணி நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. முகம் நீளவாக்கு. சிரிக்கவில்லை.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"அவதான்" என்றார்.

அண்ணி எட்டிப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"அக்கா. பாப்பா, இங்க வந்து பாரு. நம்ம அக்காடி." பிறகு என் மகளிடம், "உதடு மட்டும் இன்னும் கொஞ்சம் பிதுங்கினாப்ல வரணும்மா. அம்மா அடிச்சா அழ மாட்டா. உதட்ட இப்டி வெச்சிக்கினு நிப்பா" என்றார். தன் உதட்டையே பிதுக்கிக் காட்டினார். எழுபதைத் தாண்டிய அந்த முகத்தில் ஒரு நொடி பிடிவாதக்காரப் பெண் ஒருத்தி நின்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு அது அறிமுகமில்லாத முகம். ஆனால் அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அறுபது வருடங்களாக ஒரு குடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நான் முதல்முறையாக ஒருத்தியைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு மகளிடம் கேட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப? 'முறைப்படி குடும்பத்துல எல்லார் கிட்டயும் சம்மதம் வாங்கு'ன்னு சொல்லியிருப்ப."

"வாங்கியிருக்கணும்."

"மாமா சொல்லச் சொல்ல வரைஞ்சேம்மா. மூக்கு மட்டும் மூணு வாரம். தப்பா வந்தா 'இது இல்ல'ம்பாரு. சரியா வந்தா பேச்சே இருக்காது, எழுந்துபோய்த் தண்ணி குடிப்பாரு. பெரியம்மாவுக்கு என் வயசுல பாதிதான், தெரியுமா உனக்கு?"

தெரியும். ஆனால் அப்படிக் கணக்குப் போட்டதில்லை.

அதற்கப்புறம் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். வந்தவுடன், "கண்ணு, தொறம்மா" என்று என் மகளிடம் சொல்வார். அவள் லேப்டாப்பைத் திறப்பாள். அக்கா கிணற்றிலிருந்து ஏறுவாள், நடப்பாள், தாவணி முனையால் கழுத்தைத் துடைப்பாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். "டீ ஆறுதுங்க" என்று அண்ணி அதட்டுவாள். "கூப்டாதடி, அவ வேலையா கீறா" என்பார்.

மழைக்கு முன்பு ஒரு மாலை மகள் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மாவுக்குப் புடவை கட்டிட்டாங்க."

"யாரு?"

"கம்பெனில. பட்டுப்புடவை. அரக்குக் கலர். மூக்குத்தி, வங்கி, ஒட்டியாணம். வயசு முப்பது. அந்த மூஞ்சியே இல்லம்மா. வேற ஒருத்தர வெச்சு வரைஞ்சிருக்காங்க."

விளையாட்டை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்டதாம். பதினாறு வயதுப் பெண் அடிபடுகிற விளையாட்டுக்கு, எந்த வயதினர் ஆடலாம் என்கிற வயதுச் சான்று கிடைப்பது சிரமம். மேலும், தெய்வம் என்றால் தெய்வம் மாதிரி இருக்க வேண்டாமா?

"நீ மறுப்புச் சொன்னியா?"

"சொன்னேன். மூலத்துல இவ சின்னப் பொண்ணுதான்னு சொன்னேன். மூல டாக்குமெண்ட்டையே எடுத்துக் காட்டிட்டாங்க."

மொபைலை நீட்டினாள். மின்னஞ்சலில் என் கடைசி வரி மஞ்சள் பூசி இருந்தது. ஆங்கிலத்தில் நன்றாகவே மொழிபெயர்த்திருந்தார்கள். இத்தகைய தெய்வங்களுக்கு வயது இல்லை. தேவைக்கேற்ப வடிவம் மாறுவதும் மரபே. திறந்து வைத்த கதவு வழியாக என்னைத் தவிர எல்லோரும் வெளியேறியிருந்தார்கள்.

"அவ புடவையே கட்டினதில்லடி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தாவணியோட போனவ."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா வீட்டுக் கல்யாணங்கள்ல என்னம்மா வெச்சீங்க பூவாடைக்கு? ரெண்டு கல்யாணத்துக்கும் காஞ்சிபுரம் பட்டு. அத்தைக்குப் பிடிச்ச கலர்ல. நீங்க கட்டிவிட்ட புடவைதான், அவங்க ஒண்ணும் புதுசா செய்யல."

அது சரிதான். எங்கள் வீட்டில் பூவாடைக்குத் துணி எடுக்கும் முறை அப்படித்தான் வளர்ந்திருந்தது. முதலில் என் அம்மா வைத்தது ஒரு சீட்டிப் பாவாடையும், வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஒரு தாவணியும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பின்பு வசதி வர வர, தெய்வத்துக்குக் குறை வைக்கக்கூடாது என்று நூல் புடவை, பிறகு பட்டு. படைத்த துணியைக் கட்டிக்கொள்ளப் போவது யார் என்று முன்பே தெரிந்திருப்பதால், தெய்வத்தின் ரசனை எப்போதும் அண்ணியின் நிறத்துக்குப் பொருந்தியே இருந்தது. நானும் கூடவே கடைக்குப் போயிருக்கிறேன். முந்தானையில் ஜரிகை போதாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். மகளுக்கு ஒரு முறையீடு எழுதிக் கொடுத்தேன். தகுந்த வழியாக அனுப்பச் சொன்னேன். லீடுக்கு, அவர் வழியாக அவருக்கு மேலே, அதன் நகல் சட்டப் பிரிவுக்கு. என் வரியைப் பயன்படுத்திய விதம் என் கருத்துக்கு மாறானது என்று எழுதினேன். பதில் வந்தது. முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். இந்த இரண்டு வாக்கியங்களை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. பெறுகிற இடத்தில் அவை எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது.

"சரி, பழைய படத்தையாவது ஒரு பிரிண்ட் எடுத்து மாமாவுக்குக் கொடுத்துடு."

"முடியாதும்மா. லேப்டாப்ல எதையும் நகல் எடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அது அவங்களோடது."

அவளுடைய வேலை ஒப்பந்தத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பணிக்காலத்தில் பணி தொடர்பாக உருவாக்கும் ஓவியம், வரைவு, முன்வரைவு, அதிலிருந்து பிறக்கும் எதுவும் நிறுவனத்தின் சொத்து. ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு மாலைகள் தேடினேன். இல்லை. நானே எழுதியிருந்தால்கூட இதைவிட இறுக்கமாக எழுதியிருக்க மாட்டேன். என் அண்ணனின் ஞாபகத்திலிருந்து என் மகளின் கை எடுத்த என் அக்காவின் முகம் அவர்களுடையது. வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கி வைத்த பிறகும் அவர்களுடையதே. போதாக்குறைக்கு, விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் கலாசார ஆலோசகர் என்று என் பெயரைப் போடப்போவதாக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய பேரன் இணையத்தில் வந்த விளையாட்டின் முன்னோட்டத்தை அவருக்கு மொபைலில் அனுப்பிவிட்டான். அண்ணன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மூச்சிரைத்தது.

"இன்னாம்மா இது? யாரு இவ?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன். வயதுச் சான்று, வெளிநாட்டுக் கம்பெனி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் வரிசையாக, விளக்கமாக. அண்ணன் பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் சர்தான் பாப்பா. அவ எங்க?"



சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது, அண்ணிக்குத் தெரியாமல் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறார் என்று புரிந்தது.

"பாப்பா, கண்ண மூடினா அந்தப் பொம்பள வருதும்மா. மூக்குத்தி போட்டுக்கினு. நம்ம ஆளு வரல."

"திரும்பத் திரும்பப் பாத்திருப்ப. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"ஒரே வாட்டிதான் பாத்தேன். அத்தினி வருசமா உள்ளார கீறா, ஒரு வாட்டி பாத்ததுல போய்டுவாளா?" மொட்டைமாடிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஒன் பொண்ணு வரைஞ்சத பாக்காமலே இருந்திருந்தா எனக்கு ஞாபகம் இருந்திருக்குமோ இன்னாவோ. வெளிய எடுத்துக் குடுத்துட்டேன் இல்ல? குடுத்தத அவன் வெச்சிக்கினான்."

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பூவாடை அழைக்க நாள் குறிக்க வேண்டும். இந்த முறை துணி தானே எடுப்பேன் என்றார் அண்ணன். தியாகராய நகருக்கு நானும் அண்ணியும் அவருடன் போனோம். படியேறியதுமே அண்ணி பட்டுப் பிரிவுக்குத் திரும்பினாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தாவணி எங்கே என்று கேட்டார்.

"வெறும் தாவணியா? கல்யாண வீட்ல சாமிக்கு வெக்கறது. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றாள் அண்ணி.

"நாலு பேர் அக்காவ பாத்துக்கினு கீறாங்களா? நான்தான் பாத்தேன்."

விற்பனைப் பெண் ரெடிமேட் செட்டுகளை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் கல்லும் கண்ணாடியும் தொங்கின.

"இது வேணாம்மா. சாதா தாவணி. வாயில்."

"அது இப்ப யாரும் போடறதில்ல நைனா. பாப்பாவுக்கு எத்தன வயசு?"

"பதினாறு."

"பதினாறு வயசுப் பொண்ணு வாயில் தாவணி போடுமா? கூட்டினு வாங்க, அதுவே பாத்து எடுக்கட்டும்."

அண்ணன் படிப்பக்கம் நடந்தார். கடைசியில் மீட்டர் கணக்கில் துணி விற்கும் தளத்தில், வெளிர்பச்சையில் ஒரு வாயில் துண்டும் பாவாடைக்குச் சீட்டியும் கிடைத்தன. நாங்கள் பில் போட நின்றபோது அண்ணியின் கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றாள். அவளும் என்னுடன் நெடுநாள் பழகியவள். கதவு வைக்கத் தெரியும்.

பூவாடை அழைக்கும் காலையில், மூடிமேல் ஸ்கூட்டர் நிறுத்துகிறவர் தானாகவே எடுத்துவிட்டார். இந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் நான்தான் என்பதால் அனுமதி வாங்குவதில் சிக்கல் இல்லை. காவலாளி மூடியைத் தூக்கி வைத்தார். உள்ளே தண்ணீர் கழுத்தளவு நின்றது. ஈரமும் குளோரினும் கலந்த வாசம். அண்ணி குடத்தோடு தயாராக நின்றாள். தட்டில் பூவும் மஞ்சளும், பச்சைத் துணி, அதன்மேல் அரக்குநிறப் பட்டு. மகள் ஒரு பக்கமாகச் சம்ப் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் விதவைக்குரிய இடத்தில், தூணுக்குப் பக்கத்தில்.

"கூப்பிடு அண்ணா" என்றேன்.

அண்ணன் குனிந்தார். தண்ணீரைப் பார்த்தார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். மூடினார். மேல்மாடியில் யாரோ மிக்ஸி போடும் சத்தம் கேட்டது.

"கூப்புடுங்க, வெயில் ஏறுது" என்றாள் அண்ணி.

"அந்தப் பொம்பளதாம்மா வந்து நிக்கிறா. அத எப்டி நான் அக்கான்னு கூப்புடுவேன்?"

நடைமுறையில் இதற்கு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். மூத்தவரால் முடியாவிட்டால் அடுத்தவர் கூப்பிடலாம். அடுத்தவள் நான். எனக்கு ஐந்து வயது அப்போது.

மகள் எழுந்து உள்ளே ஓடினாள். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிப் பார்க்க வைத்திருந்த தாளையும் பென்சிலையும் எடுத்து வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, சொல்லுங்க. முதல்லேர்ந்து வரையறேன். நெத்தி?"

இதுவும் ஒப்பந்தத்துக்குள் வரும். 'அதிலிருந்து பிறக்கும் எதுவும்' என்று தெளிவாகவே இருந்தது. "வரைடி" என்றேன்.

"நெத்தி... கொஞ்சம் அகலம்" என்றார் அண்ணன். "புருவம் சேராது. மூக்கு கூரா. மூக்குத்தி இந்தப் பக்கம்..."

"பதினாறு வயசுல ஏதுங்க மூக்குத்தி?" என்றாள் அண்ணி.

அண்ணன் நிறுத்தினார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். மகள் பென்சிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையாம்மா?"

இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். நினைவில் இல்லை. அது பொய்யில்லை, முகம் நினைவில் இல்லை. ஆனால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கும் குழாயடிக்கும் போனவள் அவள்தான். இடுப்பில் உட்கார்ந்த குழந்தைக்குத் தூக்கியவளின் முகம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கண்ணுக்கு நேரே இருந்த அவள் காது. அதைச் சொல்லத்தகுந்த விஷயமாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

"காது" என்றேன். "இடது காது. தோடு இருக்காது. தூர்ந்துபோகாம இருக்க வேப்பங்குச்சி சொருகியிருப்பா. நான் அதைப் பிடிச்சுத் திருகுவேன். கையில பட்டுனு ஒண்ணு வைப்பா. காதுக்குக் கீழ வேர்வை இருக்கும். மயிர் ரெண்டு மூணு ஒட்டியிருக்கும்."

தூணை விட்டு வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணி குடத்தோடு சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

மகள் வரைந்தாள். காது, அதில் சிறு குச்சி, கழுத்தின் ஒரு பகுதி, பின்னலின் தொடக்கம். கன்னம் வளையும் இடத்துக்கு மேல் எனக்குத் தெரியாது, அங்கே நிறுத்தினாள். தாளை அண்ணனிடம் கொடுத்தாள்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். புரை விழாத கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"குச்சி நான்தான் ஒடிச்சுக் குடுப்பேன்" என்றார். "பின்னால வேப்பமரம் இருந்திச்சு. தடியா இருந்தா திட்டுவா."

தாளைக் கையில் பிடித்தபடியே சம்ப்பின்மேல் குனிந்தார். வழக்கமாகக் கூப்பிடும் வார்த்தைகள் வேறு. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வா, வந்து ஆசீர்வதி என்று சொல்ல வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை.

"அக்கா" என்றார். "இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பேன்."

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். தாளில் முகம் வராமல் வெறுமையாக விட்ட இடத்தையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். அண்ணி மெதுவாகத் தட்டிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடத்தை உள்ளே இறக்கி முகந்தாள். தூக்கும்போது அவள் முகம் சுருங்கியது.

"கனக்குது" என்றாள்.

தண்ணீர் நிறைந்த குடம் கனக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். என்றாலும், தொடக்கூடாத கையால் குடத்தின் அடியை ஒரு பக்கம் தாங்கினேன். அண்ணன் இன்னும் குனிந்தே இருந்தார். மூடியைப் போடலாமா என்று காவலாளி கேட்டார். கொஞ்சம் பொறு என்றேன்.